28 பிள்ளைகளுக்கு 41 கோப்பைக் கஞ்சி: வன்னிக் கிராமத்து முன்பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் நாங்கள் 9 பேர் கூடியிருந்தோம். மூன்று நாளைக்கு முன்புதான் இலங்கை அதிபர் கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து, இங்கிருந்தே பதவி விலகல் கடிதத்தை அனுப்பியிருந்தார். கடை முழுக்க அதே பேச்சு. எங்கள் மேசையில் மட்டும் வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளிக்கு நாங்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். அந்த மாதக் கணக்கில் பிள்ளைகள் 28 என்று இருந்தது. கஞ்சி நாளொன்றுக்கு 41 கோப்பை என்று இருந்தது. "மிச்சம் 13 கோப்பை யாருக்கு?" என்று கணக்குப் பார்க்கும் அண்ணன் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஒவ்வொருவரும் உழைத்துச் சேர்த்த காசு.

அந்த 13 கோப்பைக்கு விடை தேடப் போனதில்தான் இந்த ஆய்வே தொடங்கியது. நான் சிங்கப்பூரில் 22 ஆண்டுகள் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ஒரு பாலர் பள்ளியை எது நடத்துகிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கிராமத்துக்கு மூன்று முறை போய் வந்த பிறகு, எங்கள் கணக்குப் புத்தகங்கள், டீச்சரின் இடாப்பு, அவர் அனுப்பிய நூற்றுக்கணக்கான குரல் செய்திகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். (இடாப்பு என்றால் நாம் வருகைப் பதிவேடு என்று சொல்வது.) கிராமத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள்.

பள்ளியும் டீச்சரும்

கொழும்பிலிருந்து வந்து ஏ9 சாலையைப் பிடித்து வடக்கே போய், மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானைத் தாண்டி உள்ளே போகும் மண் பாதையில் இருக்கிறது அந்த ஊர். வயல், கச்சான் (நிலக்கடலை) தோட்டம், கொஞ்சம் காடு. ஆண்கள் பலர் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஆண் துணை இல்லாமல் பெண்ணே நடத்தும் வீடுகளும் நிறைய. போர் அப்படி ஆக்கிவிட்டுப் போனது.

டீச்சர் இந்தப் பள்ளியைத் தொடங்கியது 2003-ல். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏ9 திறந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட நேரம். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகள். இலங்கையில் ஐந்து வயது நிறைந்தால் முதலாம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள், ஆகவே முன்பள்ளிக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டுதான். பள்ளியை அரசு நேரடியாக நடத்துவதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரும் நடத்துகிறார்கள். மாகாணத்திலிருந்து ஆசிரியருக்கு ஒரு சிறு கொடுப்பனவு வரும். அதை நம்பி அடுப்பு எரியாது.

2008 கடைசியில் போர்முனை நெருங்க, ஊர் மொத்தமாகக் கிழக்கே பெயர்ந்தது. முதலில் புதுக்குடியிருப்பு, பிறகு கடலோரம், கடைசியில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் போர் முடிந்தபோது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு டீச்சரும் முகாமுக்குள் போனார். அவருக்குக் கிடைத்தது வவுனியா செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம். அங்கே கூடாரத்துக்கு வெளியே, நிழல் விழும் பக்கமாகப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 2008-ஆம் ஆண்டு இடாப்பை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அவ்வளவு தூரமும் கொண்டுபோயிருக்கிறார். அதை எனக்குக் காட்டினார். 34 பெயர்கள். சில பெயர்களுக்கு நேரே அதற்குப் பிறகு எந்தக் குறியும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஆய்வுக்குள்ளும் அதைக் கொண்டுவரப் போவதில்லை.

2010 கடைசியில் ஊருக்குத் திரும்பினார்கள். பழைய கட்டடத்தில் சுவர் பாதிதான் இருந்தது. ஒரு வீரை மரத்தடியில் தறப்பாளைக் கட்டிப் பள்ளி மறுபடி ஆரம்பித்தது. சுற்றிலும் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பிள்ளைகள் முதலில் வாசிக்கக் கற்றுக்கொண்டது அ-வும் ஆ-வும் அல்ல, மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை. "இதைக் கண்டா என்ன செய்ய வேணும்?" என்று டீச்சர் கேட்பார். "அங்கயே நிண்டு, வந்த காலடியிலேயே திரும்ப வேணும்" என்று மூன்று வயதுப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும். நான் சிங்கப்பூரில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பச்சை மனிதன், சிவப்பு மனிதன் சாலை விளக்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் பிள்ளைகள் விளையாடிய விளையாட்டு ஒன்றை டீச்சர் சொன்னார். வாங்குகளை (பெஞ்சுகளை) கவிழ்த்து உழவு இயந்திரப் பெட்டி (டிராக்டர் பெட்டி) ஆக்குவார்கள். சட்டி, பானை, பாய், சைக்கிள் எல்லாம் ஏற்றுவார்கள். ஒருத்தன் "ஷெல் வருது, ஓடுங்கோ" என்று கத்துவான். எல்லாரும் இறங்கி ஓடுவார்கள், படுப்பார்கள், மறுபடி ஏறுவார்கள். தினமும் இதே விளையாட்டு. பார்க்க வந்த ஒரு அதிகாரி இதை நிறுத்தச் சொன்னாராம். டீச்சர் நிறுத்தவில்லை. சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் தானும் அந்தப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனதும், "சரி, இப்ப வீட்டுக்கு வந்திட்டம். இறங்குங்கோ. முதல்ல என்ன செய்வம்?" என்று கேட்டார். பிள்ளைகள் முழித்தார்கள். விளையாட்டில் அந்தப் பகுதியே அதுவரை இருந்ததில்லை. ஒரு பெண் பிள்ளை, "கிணறு இறைப்பம்" என்றாள். "சரி, இறைப்பம்." அப்புறம் கூட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள், கோழிக்கு இரை போட்டார்கள். அடுத்த நாளும் ஷெல் வந்தது, ஆனால் அடுத்த நாளும் வீட்டுக்கு வந்தார்கள். சில மாதத்தில் ஓட்டம் சுருங்கி வீடு பெரிதானது. டீச்சர் படித்தது முன்பள்ளிப் பயிற்சி மட்டும்தான். குழந்தை உளவியல் வகுப்புகளில் நான் உட்கார்ந்து குறிப்பெடுத்ததுண்டு, இதைவிட நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை.

நாங்கள் உள்ளே வந்தது

எங்கள் குழுவில் ஒருவருக்கு டீச்சர் மச்சாள் முறை. 2011-ல் அவர் ஊருக்குப் போய்விட்டு வந்து சொன்னார், நாங்கள் சேர்ந்தோம். கோயில் விழாவில் சாப்பாட்டுக் கடை போட்டு நிதி திரட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். விசாரித்தோம். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படியே திரட்டினாலும், விலக்கு கிடைத்தாலன்றி 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவழிக்க வேண்டும் என்பது விதி. சரி, வெளியே கையேந்த வேண்டாம், நமக்குள்ளேயே போட்டுக்கொள்வோம் என்று முடிவானது. இப்படித் தொகை சின்னதாக நின்றுவிட்டது. இன்று பார்க்கும்போது அது நல்லதாகவே தெரிகிறது. பெரிய தொகை வந்திருந்தால் பெரிய தவறுகள் செய்திருப்போம்.

சின்னத் தொகையிலேயே செய்தோம். முதல் மூன்று ஆண்டுகள் நாங்கள் கொடுத்ததெல்லாம் ஒரு தடவைக் காசு. பிளாஸ்டிக் சறுக்கு ஒன்று வாங்கினோம். வன்னி வெயிலில் இரண்டாம் ஆண்டே வெடித்துக் கூராகிவிட்டது, டீச்சர் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரை ஆக்கினார். 12 பெட்டி புத்தகமும் விளையாட்டுச் சாமானும் கப்பலில் அனுப்பினோம். பத்திரங்களை முகவர் சரியாகப் போடவில்லை. சரக்கு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, மீட்கக் கட்டிய காசில் அங்கேயே இரண்டு மடங்கு புத்தகம் வாங்கியிருக்கலாம். திறந்து பார்த்தால் பனிமனிதன் படம், ஸ்ட்ராபெரி படம், எம்ஆர்டி ரயில் படம். அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தவள் நான். பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்க டீச்சர் புளியங்கொட்டையையும் பனங்கொட்டையையும்தான் கடைசி வரை வைத்திருந்தார்.

சுவருக்கு வண்ணம் அடித்தோம். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். அந்த வண்ணம் காய்ந்த மாதத்தில்தான் இளைய டீச்சர் வேலையை விட்டுப் போகிறேன் என்றார். அவருக்கு மூன்று மாதமாகப் பெற்றோர் கட்டணத்திலிருந்து வர வேண்டிய காசு வரவில்லை. அந்தக் காலத்தில் பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழும் வன்னியில் முன்பள்ளிகள் நடந்தன. அங்கே ஆசிரியருக்குக் கிடைத்தது இதைப்போலப் பல மடங்கு. அவர் போகவில்லை, ஆனால் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

2014-ல் மாற்றினோம். தலைக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), 9 பேர், மாதம் 450 வெள்ளி. அது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அங்கே சேர வேண்டும். இரண்டு ஆசிரியர் சம்பளம், கூட்டித் துடைத்துச் சமைக்கும் ஒரு அம்மாவுக்குச் சம்பளம், வாரம் இரண்டு நாள் சிற்றுண்டி, மிச்சம் கைச்செலவு. இதைச் சொல்லி நண்பர்களைச் சேர்ப்பது கடினமாக இருந்தது. "கட்டடம் கட்டுகிறோம்" என்றால் உடனே கை நீள்கிறது. "சம்பளம் கொடுக்கிறோம்" என்றால், "எத்தனை நாளைக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும் வரைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை

இது இடாப்பிலிருந்து கண்டுபிடித்தது. 2018-ல் நான் போயிருந்தபோது, ஒரு மத்தியானம் சும்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் 25, 26 பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். செவ்வாய் மட்டும் 14, 15. வாரா வாரம் அப்படியே. சந்தை நாளா, கோயில் நாளா என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"லோன்காரர் வாற நாள் அக்கா."

போருக்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வடக்கில் வீடு வீடாகப் போய்க் கடன் கொடுத்தன. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் பிணை, வாரத்துக்கு ஒருமுறை கட்டுக்காசு. வட்டி ஏற ஏற, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். 2018-ல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய சிறு கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை எப்படியிருந்திருக்கும். கட்டக் காசு இல்லாத தாய்மார் செவ்வாய்க் காலையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்கோ வயலுக்கோ போய்விடுவார்கள். பள்ளிக்குப் பிள்ளை வந்தால், 'அம்மா எங்க?' என்று வாசலில் வைத்தே கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

கடனை எங்களால் அடைக்க முடியாது. டீச்சர் செய்தது வேறு. செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் யாரும் கடன் பேச்சு எடுக்கக் கூடாது என்று கிராம சேவகரை வைத்து ஒரு பேச்சு முடித்தார். அதோடு சிற்றுண்டி நாளைத் திங்கள், வியாழனிலிருந்து செவ்வாய், வெள்ளிக்கு மாற்றினார். எங்களைக் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் செவ்வாய் வருகை 21, 22-க்கு வந்தது. மொத்தத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. பிள்ளை வராமல் போனால் படிப்பில் ஆர்வமில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று எழுதிவிடுவது நம் வழக்கம். நானும் அப்படி அறிக்கை எழுதியவள்தான். கிழமையைப் பார்த்து எழுதியதில்லை.

2022

அடி ஒரே நாளில் விழவில்லை. 2021-ல் அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. அந்த ஆண்டு முடியும் முன்பே தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் காலபோக (மழைக்காலப் போக) நெல் விதைத்தாகிவிட்டது. 2022 மாசி பங்குனியில் அறுத்தபோது மூட்டை குறைந்தது. கையில் நெல் இல்லாத நேரம் பார்த்து மார்ச்சில் ரூபாய் சரிந்தது. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. வரிசைகளில் நின்றே ஆட்கள் இறந்தார்கள்.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் இது விசித்திரமாகத் தெரிந்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 148 ரூபாய் போல இருந்தது. மே மாதம் 260 ரூபாய் போல ஆனது. 450 வெள்ளி 66,000 ரூபாயாகப் போய்க்கொண்டிருந்தது 117,000 ஆகப் போய்ச் சேர்ந்தது. ஒரு நண்பர், "அப்போ நாம கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். உண்மையாகவே அப்படித் தோன்றும். செப்டம்பரில் உணவுப் பொருள் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு கூடியிருந்தது. நாம் அனுப்பும் காசு கூடியது 75 விழுக்காடு. ஆக, குறைக்க இடமே இல்லை.

அதற்கு முன்னால் இன்னொரு குழப்பம் இருந்தது. 2021 கடைசியில் வங்கி விகிதத்தை அமெரிக்க டாலருக்கு 200 சொச்சத்தில் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள், உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலமாக) அனுப்பினால் டாலருக்கு அதைவிட நிறையக் கிடைத்தது. பிள்ளைகளுக்குத்தானே, உண்டியலில் அனுப்பலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். டீச்சர்தான் மறுத்தார். வெளிநாட்டுக் காசு என்றாலே யார், எதற்கு என்று கேள்வி வரும் பகுதி அது. வங்கிச் சீட்டு இருந்தால் காட்டலாம். உண்டியலில் வந்த காசுக்கு என்ன காட்டுவது? வங்கியிலேயே அனுப்பினோம். சில மாதம் நட்டம்தான். இது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

பெற்றோர் கட்டணம் மே மாதத்தோடு நின்றுபோனது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, ஆகஸ்ட்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றினார்கள். கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுவது மண்ணெண்ணெயில். பம்ப் நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் அடுப்பு. பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்தார்கள். ஒரு பிள்ளை மண்ணில் படம் கீறிக்கொண்டிருந்த இடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது என்று டீச்சர் சொன்னார். விளையாடும் நேரத்தில் யாரும் ஓடவில்லையாம். "சத்தமே இல்லை அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு." முகாமிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்த்த ஒருவர் சொன்ன சொல் அது.

பால்மா (பால் பவுடர்) அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"வேண்டாம் அக்கா. பால்மா எண்டா இப்ப பொன்னு மாதிரி. வீட்ட குடுத்துவிட்டா பூட்டி வைப்பினம், இல்லாட்டி வித்துப்போட்டு அரிசி வாங்குவினம். அவையைக் குறை சொல்லேலாது. கஞ்சி எண்டா இங்கயே குடிக்க வேணும்."

அப்படித்தான் வாரம் இரண்டு நாள் இருந்த சிற்றுண்டி, ஜூன் மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் கஞ்சியானது. காலை 8 மணிக்குச் சமைக்கும் அம்மா அடுப்பு மூட்டுவார். விறகு பிள்ளைகள் வரும் வழியில் பொறுக்கிக்கொண்டு வருவது, ஒரு பிள்ளைக்கு ஒரு குச்சி. சிவப்புப் பச்சை அரிசியும் வறுத்த பயறும் குழைய வேக, முருங்கையிலையும் முசுட்டையிலையும் இடித்துப் பிழிந்த சாறு பச்சையாக இறங்கும். கடைசியில் தேங்காய்ப்பால், உப்பு. இலை வேலியிலேயே இருக்கிறது, காசு தேவையில்லை. பத்து மணிக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்கார, கோப்பையோடு உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. கஞ்சி ஒரு வாய், பனங்கட்டி ஒரு நக்கு. பனங்கட்டி தீரும் முன் கஞ்சி தீர வேண்டும் என்பது டீச்சர் வைத்த சட்டம்.

அதே ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் நாட்டில் பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. இந்தப் பள்ளி ஒருநாள்கூட மூடவில்லை. இரண்டு டீச்சரும் ஊர்க்காரர்கள், ஒருவர் சைக்கிள், ஒருவர் நடை. அப்போது எங்களில் யாரும் இதை ஒரு திட்டமாக யோசித்துச் செய்யவில்லை. ஆனால் நகரத்திலிருந்து பட்டம் பெற்ற ஒருவரை வைக்கலாம் என்று முன்பொரு முறை நான் சொன்னதும், டீச்சர் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

13 கோப்பை

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேசையில் இருந்தபடியே டீச்சருக்கு அழைத்தோம். மின்சாரம் இல்லை, கைபேசியில் சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். சுருக்கமாகச் சொன்னார்.

கஞ்சி தொடங்கி ஒரு வாரத்தில், நாலு வயதுப் பையன் ஒருவன் பாதிக் கோப்பையை மட்டும் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தல் மூடியில் ஊற்றிப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்திருக்கிறான். சிந்தச் சிந்த நடக்கிறான். எங்கே போகிறாய் என்று கேட்டால், தங்கச்சிக்கு என்றான். இரண்டு நாளில் இன்னும் மூன்று பேர் அப்படி. வீட்டில் இருக்கும் சின்னதுகளுக்கும் பசிதானே. தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷா மா, சோளத் தட்டுப்பாட்டால் சரியாக வருவதில்லை. ஆகவே, பத்து மணிக்குத் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வந்தது 10 பிள்ளைகள். தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரில் இருவர் கர்ப்பிணிகள். அது 12.

"மற்றது?" என்று அண்ணன் கேட்டார்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்கட சின்ன ரீச்சருக்கு. அவ காலமை ஒண்டும் சாப்பிடாமல்தான் நடந்து வாறவ. கேட்டா சாப்பிட்டிட்டன் எண்டுதான் சொல்லுவா. நான் கணக்கில எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனா எழுதாமல் குடுத்தா அவ குடிக்கமாட்டா" என்றார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதத்திலிருந்து கணக்குத் தாளில் 'பிள்ளைகள்' என்று ஒரு நிரல், 'கோப்பை' என்று ஒரு நிரல். இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று அவரே கீழே எழுதினார்.

இடாப்பு சொல்வது இது. மே மாதம் 28 பேரில் நாளொன்றுக்குச் சராசரி 17 பேர். ஜூலையில் 26. அந்தப் பருவத்தில் குடும்பநல உத்தியோகத்தர் வந்து நிறுத்த எடைகளில் ஒரு பிள்ளையைத் தவிர யாருக்கும் குறையவில்லை. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து நான் பெரிதாக எதையும் நிரூபிக்க வரவில்லை. நாடே இளைத்த மாதங்களில் குறையவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் அந்த 13-ஆவது கோப்பையை நாங்கள் சரியாக வாசிக்கவில்லை. ஒரு டீச்சர் பசியோடு வருகிறார் என்றால் அவர் சம்பளம் போதவில்லை என்று அர்த்தம். கஞ்சிக்குக் கூடுதல் ஒதுக்கினோம், பாராட்டினோம், சம்பளத்தை 15,000-லிருந்து 25,000 ஆக்குவதைப் பற்றி நான்கு மாதம் பேசிக்கொண்டே இருந்தோம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், ஒருவர் பதில் போடவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. நவம்பரில் முடிவு செய்து சொன்னபோது, இளைய டீச்சர் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அங்கே சம்பளத்தோடு சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) உண்டு. போகும் நாளில் பிள்ளைகளிடம் சொல்லாமல் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார், முடியவில்லை. இந்தப் பள்ளியில் எட்டு ஆண்டுக்கும் மேல் இருந்தவர். அவரை இழந்தது நெருக்கடியால் அல்ல, எங்கள் தாமதத்தால். இதே நிலையில் பள்ளி நடத்தும், அல்லது பள்ளிக்கு உதவும் யாராவது இதை வாசித்தால், இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டாவது முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்குப் பதிலாக உயர்தரம் (ஏ லெவல்) முடித்த ஊர்ப்பெண் ஒருவர் வந்தார். பயிற்சிக்குப் போய் வருகிறார். பழகிவிட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது

2023 ஆகஸ்ட்டில் மூன்றாம் முறை போனேன். விலைகள் ஏறிய இடத்திலேயே நின்றிருந்தன, மேலே போகவில்லை. திரிபோஷா மறுபடி வரத் தொடங்கியிருந்தது. கஞ்சியை நிறுத்திப் பார்க்கலாமா என்று குழுவில் ஒரு பேச்சு இருந்ததால், அதைப் பற்றி ஊரில் பேசத்தான் போனேன். கூட்டத்துக்கு 20 தாய்மார் வந்திருந்தார்கள். நான் பேச வேண்டியதைப் பேசி முடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "அரிசியை நாங்கள் தாறம். வெட்டு முடிய வீட்டுக்கு ரெண்டு மரக்கால் நெல்லு. பயறும் தேங்காயும் நீங்கள் பாருங்கோ" என்றார். யார் யார் வீட்டில் வயல் இருக்கிறது, இல்லாதவர்கள் என்ன கொடுப்பது, விறகா வேலையா என்று அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர்களே பேசினார்கள். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

2024 காலபோக அறுவடை முடிந்ததும் 7 மூட்டை நெல் வந்தது. குத்தி அரிசியாக்க ஆலைக்காரர் பாதிக் கூலிதான் வாங்கினார். வைக்க இடமில்லாமல் வகுப்பறை மூலையில் அடுக்கியதில் முதல் வாரமே எலி ஒரு மூட்டையைக் கடித்துவிட்டது. பொருட்கள் வாங்க வேண்டாம், மாதக் காசு மட்டும்தான் என்று 2014-ல் நாங்கள் போட்ட விதியை ஒருமுறை தளர்த்தி, மூடி போட்ட இரண்டு நீலப் பீப்பாய் வாங்கக் காசு அனுப்பினோம். டீச்சர் படம் அனுப்பியிருந்தார். பீப்பாய் மேல் பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் அ, ஆ எழுதியிருக்கிறார்கள்.